கொரியப் பல்கலைக்கழகத்தில் என்னென்ன படிக்கலாம்? பட்டியலும் நடப்பும்

கொரியாவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் பாடப்பட்டியலைத் திறந்து பார்த்தால் தலை சுற்றும். ஒரே பருவத்துக்கு ஆயிரக்கணக்கில் வகுப்புகள் போட்டிருப்பார்கள். குறைக்கடத்தி இயற்பியலும் இருக்கும், நீச்சலும் இருக்கும். கன்பூசியஸின் போதனைகளும் இருக்கும், திருமணமும் குடும்பமும் என்றொரு பாடமும் இருக்கும். இதில் ஒரு மாணவர் எதை வேண்டுமானாலும் எடுக்கலாமா? சட்டப்படி பார்த்தால் ஏறக்குறைய ஆமாம். நடப்பில் பார்த்தால் அவ்வளவு எளிதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. இங்கே ஆராய்ச்சிப் பணிக்கு வந்து சில வருஷங்களாக இந்த மாணவர்களோடு பழகியதில் தெரிந்துகொண்டதையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

இரண்டு சொற்கள்

முதலில் கணக்கு. கல்வியாண்டு மார்ச்சில் தொடங்குகிறது. மார்ச் முதல் ஜூன் வரை முதல் பருவம், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை இரண்டாம் பருவம். பருவத்துக்குக் கொரிய மொழியில் 'ஹாக்கி' என்று பெயர் (மட்டையும் பந்தும் இல்லை, பயப்பட வேண்டாம்!). பாடங்களை 'ஹாக்ஜோம்' என்ற அலகில் எண்ணுகிறார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வீதம் ஒரு பருவம் முழுக்கப் படித்தால் ஒரு ஹாக்ஜோம். பெரும்பாலான பாடங்களுக்கு மூன்று. பட்டம் வாங்கப் பொதுவாக 120 முதல் 140 வரை சேர்க்க வேண்டும். அப்படின்னா நாலு வருஷத்தில் நாற்பது, நாற்பத்தைந்து பாடங்கள்.

இந்த நாற்பதும் இரண்டு பெரிய வகைகளில் வரும். ஒன்று 'ஜோன்கோங்', அதாவது முதன்மைப் பாடம். இன்னொன்று 'கியோயாங்', பொதுப் பாடம். இரண்டுமே சீன எழுத்துகளிலிருந்து வந்த சொற்கள். ஜோன்கோங்கில் உள்ள இரண்டாவது எழுத்துக்குத் 'தாக்குதல்' என்ற பொருளும் உண்டு. ஒரே இலக்கைக் குறிவைத்துப் பாய்வது என்று வைத்துக்கொள்ளலாம். கியோயாங்கில் உள்ள எழுத்துகள் 'கற்பித்தல்', 'பேணி வளர்த்தல்'. பேச்சு வழக்கில் ஒருவரைக் 'கியோயாங் உள்ளவர்' என்றால் பண்பட்டவர், பக்குவமானவர் என்று அர்த்தம். ஒரு துறையில் பாயவும் வேண்டும், மனிதராகப் பக்குவப்படவும் வேண்டும் என்ற எண்ணம் இந்த இரண்டு சொற்களிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் வேலை இவ்வளவுதானே!

கியோயாங் என்னும் பந்தி

பொதுப் பாடங்களில் சிலவற்றை எல்லோரும் படித்தே ஆக வேண்டும். எழுத்துப் பயிற்சி கட்டாயம். அறிவியல் மாணவராக இருந்தாலும் கொரிய மொழியில் வாதத்தைக் கட்டி ஒரு கட்டுரை எழுதத் தெரிய வேண்டும். ஆங்கிலம் உண்டு. கடந்த பத்து ஆண்டுகளில் பல இடங்களில் கணினி நிரல் எழுதுவதும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. இலக்கியம் படிப்பவரும் கொஞ்சம் பைத்தான் தட்டித்தான் ஆக வேண்டும்.

நிறுவனம் யாருடையது என்பதையும் கட்டாயப் பாடத்தை வைத்தே சொல்லிவிடலாம். கிறித்தவ மிஷனரிகள் தொடங்கிய யோன்சே, ஏவா மகளிர் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் 'சேப்பல்' வகுப்புக்குப் போனால்தான் பட்டம். பௌத்த நிறுவனமான தொங்குக் பல்கலைக்கழகத்தில் தியான வகுப்பு. தன் வேரை 1398இல் நிறுவப்பட்ட கன்பூசியக் கல்விச்சாலையோடு இணைத்துச் சொல்லும் சுங்க்யூன்க்வானில் கன்பூசியஸின் உரையாடல்களைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். மதம் சாராத மாணவர்கள் முணுமுணுப்பதும் உண்டு. கொரியாவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களுக்கு மதமில்லை என்று சொல்பவர்கள். ஆகவே முணுமுணுப்பு கொஞ்சம் பலமாகவே கேட்கும்.

கட்டாயம் போக மீதி விருப்பம். தத்துவம், வானியல், ஒயின், சினிமா, தனிநபர் நிதி, உளவியல், தைகுவோண்டோ, கோல்ஃப் என்று நீளும். சில இடங்களில் குளிர் விடுமுறையில் பனிச்சறுக்கு முகாமுக்குப் போய் வந்தாலே ஒரு ஹாக்ஜோம் கிடைக்கும். காதல், திருமணம் பற்றிய பாடங்கள் வருஷக்கணக்காக ஓடுகின்றன. முன்பின் தெரியாத இருவரை ஜோடி சேர்த்து வெளியே போய்ப் பேசிவிட்டு வரச் சொல்வதே சில வகுப்புகளில் வீட்டுப்பாடம். பிறப்பு விகிதம் 2023இல் 0.72க்கு இறங்கிய நாடு இது. அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இந்த வீட்டுப்பாடம் அவ்வளவு வேடிக்கையாகத் தோன்றாது.

ஒரு பட்டத்துக்குள் இரண்டு துறை

ஜோன்கோங் பக்கமும் கதவுகள் திறந்தே இருக்கின்றன. 'போக்சூ ஜோன்கோங்' என்றால் இரண்டு துறைகளில் ஒரே சமயத்தில் பட்டம். 'பூ ஜோன்கோங்' என்றால் முதன்மைத் துறையோடு சின்ன அளவில் இன்னொன்று. பல துறைகளின் பாடங்களைக் கோத்து உருவாக்கிய இணைப்புத் துறைகளும் இருக்கு. சியோல் தேசியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் மாணவரே தனக்கான துறையை வடிவமைத்து, பேராசிரியர்களின் ஒப்புதல் வாங்கிப் படிக்கலாம்.

உள்ளூர்ப் பட்டியல் போதவில்லை என்றால் வெளியே போகலாம். சியோலின் சின்சோன் பகுதியில் யோன்சே, ஏவா, சோகாங் மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றின் மாணவர் மற்றொன்றில் பாடம் எடுத்து மதிப்பெண்ணைச் சொந்த ஊருக்குக் கொண்டுவரலாம். மகளிர் பல்கலைக்கழக வகுப்பில் பையன்கள் உட்கார்ந்திருப்பது இப்படித்தான். கோடையிலும் குளிரிலும் சில வாரங்களுக்குள் ஒரு முழுப் பாடத்தை முடிக்கும் குறும்பருவமும் உண்டு. 1972இல் தொடங்கிய கொரியத் தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1998 முதல் நடக்கும் 'ஹாக்ஜோம் வங்கி', 2015இல் தொடங்கிய 'கே-மூக்' இணையப் பாடங்கள் எல்லாம் சேர்ந்தால், வேலைக்குப் போகும் ஐம்பது வயதுக்காரரும் துண்டு துண்டாகச் சேர்த்து ஒரு பட்டம் வாங்கிவிட முடியும்.

இந்தத் தாராளத்துக்குப் பின்னால் ஒரு கதையும் இருக்கு. 2009இல் 25 பல்கலைக்கழகங்களில் அமெரிக்க பாணிச் சட்டக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவை பட்டமேற்படிப்பு. ஆகவே அந்தப் பல்கலைக்கழகங்கள் இளங்கலைச் சட்டத் துறையில் புதிதாக மாணவர்களைச் சேர்ப்பதை நிறுத்த வேண்டியிருந்தது. காலியான இடங்களை என்ன செய்வது? பலர் 'துறை குறிப்பிடாத சேர்க்கை' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சேரும்போது துறை கிடையாது, ஓராண்டு சுற்றிப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கலாம். அழகான யோசனை. ஆனால் சுற்றிப் பார்த்த பிள்ளைகளில் பெருங்கூட்டம் போய்ச் சேர்ந்த இடம் வணிக நிர்வாகமும் பொருளாதாரமும். சில பல்கலைக்கழகங்கள் சில ஆண்டுகளிலேயே அந்தப் பிரிவை மூடிவிட்டன. இப்போது 2025 சேர்க்கையிலிருந்து கல்வி அமைச்சகமே ஊக்கத்தொகை காட்டி இதே முறையைப் பெரிய அளவில் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. இம்முறை கூட்டம் கணினித் துறைப் பக்கம் போகும் என்ற கவலை எல்லாத் துறைகளிலும் இருக்கு. சுதந்திரம் கொடுத்தால் பிள்ளைகள் பல திசைகளில் பரவுவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். வேலைச் சந்தை ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் சுதந்திரமும் அந்தப் பக்கமே ஓடுகிறது.

காலை பத்து மணிப் போர்

சரி, பட்டியல் பெரிசு. அதில் இடம் பிடிப்பது எப்படி? 'சுகாங் சின்சோங்' என்று சொல்லிப் பாருங்கள், எந்தக் கொரிய மாணவரும் பெருமூச்சு விடுவார். பாடப்பதிவுக்கு அந்தப் பெயர். குறித்த நேரத்தில் கணினி திறக்கும். முதலில் வந்தவருக்கு முதலில். பேர்போன வகுப்புகள் சில விநாடிகளில் நிரம்பிவிடும். வீட்டு இணையத்தை நம்பாமல், விளையாட்டுக்கான கணினி நிலையமான 'பிசி பாங்'குக்குப் போய் உட்காருபவர்கள் நிறையப் பேர். பல்கலைக்கழகச் சர்வரின் கடிகாரத்தை விநாடி சுத்தமாகக் காட்டும் தளத்தை ஒரு ஜன்னலில் திறந்து வைத்துக்கொண்டு, விரலை எலியின் மேல் வைத்துக் காத்திருப்பார்கள். வேண்டிய பாடங்களை முன்கூட்டியே போட்டு வைக்கும் வசதிக்குச் 'சந்தைக் கூடை' என்று பெயர். கூடையில் இருப்பதெல்லாம் வீடு வந்து சேராது என்பது சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும்!

இந்த ஓட்டத்தை மாற்ற யோன்சே 2015இல் 'மைலேஜ்' முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் குறிப்பிட்ட புள்ளிகள் தரப்படும். எந்தப் பாடம் எவ்வளவு தேவையோ அதற்கேற்பப் பிரித்து வைக்க வேண்டும். அதிகம் வைத்தவருக்கு இடம். விரல் வேகத்துக்குப் பதில் ஏலம். இதிலும் மற்றவர் எவ்வளவு வைப்பார் என்று ஊகிக்கும் சூதாட்டம் வந்துவிட்டது. வேறு இடங்களில் நடப்பது இன்னும் மோசம். இடத்தைப் பிடித்து வைத்துப் பணத்துக்கு விற்பவர்கள் உண்டு. பல்கலைக்கழகங்கள் தடுக்கப் பார்க்கின்றன. ஆனால் தேவைக்குக் குறைவாக இருக்கும் எந்தப் பொருளுக்கும் கள்ளச்சந்தை தானாக முளைக்கும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. யாரும் வராத வகுப்பு. குறைந்தபட்ச எண்ணிக்கை சேரவில்லை என்றால் 'பேகாங்', அதாவது வகுப்பு ரத்து. எனக்குத் தெரிந்த ஒரு இயற்பியல் மாணவி, ஒரு பழைய மொழி வகுப்புக்காக இரண்டு பருவம் பதிவு செய்தாள். இரண்டு முறையும் ஏழெட்டுப் பேருக்கு மேல் சேரவில்லை. இரண்டு முறையும் ரத்து. பட்டியலில் அந்தப் பாடம் இன்னும் இருக்கு. அவள் பட்டம் வாங்கிப் போய்விட்டாள்.

தேன் வகுப்புகள்

எதை எடுப்பது என்று முடிவு செய்வதில் ஆசையை விட மதிப்பெண்ணுக்கே அதிக அதிகாரம். கொரியாவில் நீண்ட காலமாக ஒப்பீட்டு மதிப்பீடுதான் வழக்கம். வகுப்பில் இத்தனை சதவீதம் பேருக்குத்தான் 'ஏ' தரலாம் என்று உச்சவரம்பு இருக்கும். எல்லோரும் நன்றாக எழுதினாலும் சிலர் 'சி' வாங்கியே தீர வேண்டும்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். சீன மொழி ஆரம்பப் பாடம் என்று ஒன்று இருக்கு. அறிமுகம் இல்லாதவர்களுக்கானது. ஆனால் வெளிநாட்டு மொழிச் சிறப்புப் பள்ளியில் மூன்று வருஷம் சீனம் படித்தவரும் சுலப 'ஏ'வுக்காக அங்கே வந்து உட்காருவார். புதிதாகக் கற்க வந்தவர் முதல் வாரத்திலேயே நிலைமையைப் புரிந்துகொண்டு ஓடிவிடுவார். யாருக்காகப் பாடம் போட்டார்களோ அவர்தான் வெளியே நிற்கிறார்.

எளிதாக மதிப்பெண் தரும் வகுப்புக்கு மாணவர் மொழியில் 'தேன் வகுப்பு' என்று பெயர். எது தேன், எது வேப்பங்காய் என்பதை 'எவ்ரிடைம்' என்ற செயலியில் மாணவர்கள் விலாவாரியாக எழுதி வைக்கிறார்கள். வேலை நேர்காணலில் மதிப்பெண் சராசரியைப் பார்ப்பார்கள் என்னும்போது தேனைத் தேடுவதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இதைத் தவிர்க்கத்தான் இரண்டு பருவமாக சில பாடங்களைத் தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டும் மதிப்பிடும் முறையைப் பயன்படுத்துகிறேன் என்றான் என் ஆய்வகத் தம்பி ஒருவன். அந்த வழி இருக்கும் இடங்களில் தைரியமாக வானியலோ தத்துவமோ படிக்க முடிகிறது.

பாடம் நடத்துபவர் யார்?

பட்டியலின் நீளத்துக்குக் காரணமானவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள் இல்லை. கியோயாங் வகுப்புகளில் கணிசமான பங்கைத் தாங்குபவர்கள் பகுதிநேர விரிவுரையாளர்கள். முனைவர் பட்டம் வாங்கியவர்கள். காலையில் ஒரு ஊர், மாலையில் இன்னொரு ஊர் என்று ரயிலில் ஓடி வகுப்பெடுப்பார்கள். அவர்களே தங்களை 'மூட்டை வியாபாரி' என்று கசப்போடு சொல்லிக்கொள்வார்கள். 2010இல் ஒரு விரிவுரையாளர் தன் நிலைமையை எழுதி வைத்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டது நாட்டையே உலுக்கியது. அதைத் தொடர்ந்து திருத்தப்பட்ட சட்டம் பலமுறை ஒத்திவைக்கப்பட்டு 2019 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது ஓராண்டு நியமனம், மூன்றாண்டு வரை மறுநியமன வாய்ப்பு, விடுமுறைக் காலச் சம்பளம் எல்லாம் அதில் இருக்கு.

நல்ல சட்டம். ஆனால் 2009 முதல் கல்விக் கட்டணம் ஏறக்குறைய உறைந்து கிடந்த காலம் அது. செலவு கூடும் என்று கணக்குப் போட்ட பல பல்கலைக்கழகங்கள் சட்டம் வருவதற்கு முன்பே விரிவுரையாளர்களைக் குறைத்தன. சின்ன வகுப்புகளைச் சேர்த்துப் பெரிய வகுப்பாக்கின. பாடங்கள் குறைந்தன. யாரைக் காப்பாற்ற வந்ததோ அவர்களில் பலர் வேலை இழந்தார்கள், மாணவர்களுக்குத் தேர்வும் சுருங்கியது. ஒரு பாடம் மறைந்தால் அதன் பின்னால் ஒரு மனிதரின் பிழைப்பும் மறைகிறது.

மறையும் துறைகள், முளைக்கும் துறைகள்

இதற்கெல்லாம் அடியில் மக்கள்தொகை இருக்கிறது. 1971இல் கொரியாவில் பத்து லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்தன. 2002க்குப் பிறகு ஒரு வருஷம்கூட ஐந்து லட்சத்தைத் தொடவில்லை. 2023இல் சுமார் 2.3 லட்சம். 'செர்ரி பூக்கும் வரிசையில் பல்கலைக்கழகங்கள் அழியும்' என்று இங்கே ஒரு சொலவடை. செர்ரி முதலில் தெற்கே பூக்கும், கடைசியில்தான் சியோலுக்கு வரும். தலைநகரிலிருந்து தூரம் அதிகமானால் ஆயுள் குறைவு என்று அர்த்தம்.

ம்யோங்ஜி பல்கலைக்கழகத்தில் 1997 முதல் 'பாதுக்' விளையாட்டுக்கென்றே ஒரு துறை இருந்தது. கறுப்பு வெள்ளைக் கற்களை வைத்து ஆடும் அந்த விளையாட்டை உலகம் 'கோ' என்று அறியும். 2016இல் லீ செடோலை ஆல்ஃபாகோ நிரல் 4-1 என்று வென்றது நினைவிருக்கும். வெளிநாடுகளிலிருந்தும் இந்தத் துறைக்குப் படிக்க வந்தார்கள். 2025 முதல் அங்கே புதிய சேர்க்கை இல்லை. அதே ஆண்டு முதல் தொக்சுங் மகளிர் பல்கலைக்கழகம் ஜெர்மன், பிரெஞ்சு இலக்கியத் துறைகளுக்குச் சேர்க்கையை நிறுத்தியது. தேகு பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறைக்கு 2024 நவம்பரில் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து இறுதிச்சடங்கே நடத்தினார்கள்.

இன்னொரு பக்கம் பாருங்கள். சுங்க்யூன்க்வானில் சாம்சங்கோடு சேர்ந்து 2006இல் குறைக்கடத்தித் துறை வந்தது. 2021இல் யோன்சேயில் சாம்சங்கோடு, கொரியா பல்கலைக்கழகத்தில் எஸ்கே ஹைனிக்ஸோடு. 2023இல் ஹன்யாங், சோகாங். இவை 'ஒப்பந்தத் துறைகள்'. படிப்புச் செலவில் பெரும்பகுதியை நிறுவனம் ஏற்கும், நிபந்தனைகளை நிறைவேற்றினால் அங்கேயே வேலை. பெற்றோருக்கு இதைவிட என்ன வேண்டும்? நானும் அறிவியல்காரன்தான், இதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் சந்தை கேட்கும் பாடம் மட்டும் பிழைத்தால், சந்தையையே கேள்வி கேட்கும் பாடம் எங்கே நடக்கும்?

இதற்கு ஒரு நல்ல மாற்றுதாரணமும் உண்டு. 1954இல் தொடங்கிய ஹன்குக் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில் 45 மொழிகள் கற்பிக்கிறார்கள். இந்தித் துறை 1970களிலிருந்தே இருக்கு. ஸ்வாஹிலி, மங்கோலியம், உஸ்பெக் போன்றவற்றைக் கூட்டம் வருமா என்று பார்த்து நடத்த முடியாது. ஆகவே 2016இல் அரசு இவ்வகை மொழிகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றிப் பணம் ஒதுக்கியது. பேசுபவர் குறைவு என்பதற்காக ஒரு மொழியைக் கைவிட வேண்டியதில்லை என்று ஒரு நாடு முடிவெடுத்தால் அது நடக்கிறது. தமிழும் கொரியமும் உறவா என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ஹோமர் ஹல்பர்ட் ஞாபகம் வரும். 1886இல் சியோலுக்கு ஆங்கில ஆசிரியராக வந்த அமெரிக்கர். 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கண நூலே போட்டார். அவர் முடிவை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் அந்த முடிவு சரியில்லை என்று சொல்லவும் இரண்டு மொழிக் குடும்பங்களையும் முறையாகப் படித்தவர்கள் வேண்டும். அந்தப் படிப்புக்கு எந்த நிறுவனமும் ஒப்பந்தம் போட வராது.

வர நினைப்பவர்களுக்கு

கொரிய அரசின் உதவித்தொகையில் நம் பிள்ளைகளும் வருகிறார்கள். பொதுவாக ஒரு வருஷம் மொழிப் படிப்பு, பிறகு பட்டம். 'டோபிக்' மொழித் தேர்வின் ஆறு நிலைகளில் மூன்றாவதைத் தாண்டினால் பட்டப்படிப்புக்குள் போகலாம். மூன்றாம் நிலை கடைக்கும் வங்கிக்கும் தாராளமாகப் போதும். ஆனால் சமூகவியல் வகுப்பில் இரண்டு மணி நேரத் தேர்வை எழுதப் போதாது. கைஸ்ட், போஸ்டெக் போன்ற அறிவியல் நிறுவனங்களிலும், யோன்சேயின் அண்டர்வுட் கல்லூரியிலும் ஆங்கிலத்தில் நிறையப் படிக்கலாம். மற்ற இடங்களில் ஆங்கில வகுப்பு என்று போட்டிருப்பதை மட்டும் தனியாகப் பிரித்து எண்ணுங்கள். பட்டியல் சட்டென்று சிறுத்துவிடும்.

அதனால் விண்ணப்பிக்கும்போது துறையின் பெயரைப் பார்த்து மயங்காமல் நாலு விஷயம் கேளுங்கள். கடந்த இரண்டு வருஷத்தில் உண்மையில் நடந்த பாடங்கள் எவை? அவற்றில் உங்களுக்குப் புரியும் மொழியில் எத்தனை? மதிப்பீடு ஒப்பீட்டு முறையா? அந்தத் துறைக்கு அடுத்த வருஷம் சேர்க்கை உண்டா? இந்த நாலுக்கும் பதில் தெரிந்தால் உங்களுக்கான பட்டியல் எவ்வளவு நீளம் என்று தெரிந்துவிடும்.

கொரியாவின் பாடப்பட்டியல் உண்மையிலேயே பெரியதுதான், சந்தேகமில்லை. இரண்டு துறை, பக்கத்துப் பல்கலைக்கழகம், குறும்பருவம் என்று வழி காட்டி வைத்திருப்பதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு பாடம் பட்டியலில் இருக்க ஒரு வரி போதும். அது நடக்க, மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிராத ஓர் ஆசிரியரும், 'சி' வந்தால் வாழ்க்கை போச்சு என்று பயப்படாத பத்து மாணவர்களும் வேண்டும்.